தையல் கடைக்கு ஒரு வேலைப்பட்டியல் செயலி: பத்து நொடிச் சோதனை

பாளையங்கோட்டைப் பக்கம் தையல் கடைச் சுவரில் தினசரி காலண்டர் தொங்கும். தேதித் தாளின் ஓரத்தில் ‘பேட்டை, ரவிக்கை 2’ என்று பேனாவால் கிறுக்கியிருக்கும். அதை எழுத ஐந்து நொடி போதும். அந்த இடத்துக்கு ஒரு செயலி வரவேண்டுமானால், பூட்டிக் கிடக்கும் போனை எடுத்து வேலையைப் பதிந்து முடிக்கப் பத்து நொடிக்கு மேல் ஆகக் கூடாது. அதற்கு மேல் ஆனால், அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்பவர் நாலாம் நாளே பேனாவைத் தேடுவார். பத்து நொடிக்குள் அடங்குகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

இறக்குவதற்கு முன் இரண்டு நாள் வேலையைத் தாளில் எழுதிப் பாருங்கள். எதற்கு மணி குறிக்க வேண்டும், எதற்குத் தேதி மட்டும் போதும், எது திரும்பத் திரும்ப வருகிறது, எதை இன்னொருவரும் பார்க்க வேண்டும் என்று பிரித்தால் தேவை தெரிந்துவிடும். சிறு கடைக்குப் பதிவது, தேதி, நினைவூட்டல், திரும்ப வருவது, முடிந்ததும் டிக் என்ற ஐந்தே போதும். வண்ணக் குறி, முன்னுரிமை எண், வரைபடம் எதுவும் வேண்டாம். அவை ஒவ்வொன்றும் பதியும்போது ஒரு கேள்வி கேட்கும். அந்தக் கேள்விகள்தான் பத்து நொடியைத் தின்பவை.

கூகுள் டாஸ்க்ஸ் மிக மெலிந்தது. ஜிமெயில் கணக்கு இருந்தால் உடனே தொடங்கலாம். ஆனால் சொந்தக் கணக்கில் பட்டியலை இன்னொருவரோடு பகிர முடியாது. மாஸ்டரும் காஜா (பொத்தான் துளை) எடுப்பவரும் ஒரே பட்டியலைப் பார்க்க வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் டூ டூ எடுங்கள். அதிலுள்ள ‘என் நாள்’ பக்கம் ஒவ்வொரு இரவும் காலியாகி, மறுநாள் காலை புதிதாக நிரப்பச் சொல்லும். காலண்டர் தாளைக் கிழிப்பது போலத்தான் என்பதால் பழகியவர்களுக்கு ஒட்டிவிடும். கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு ஆண்ட்ராய்டில் டாஸ்க்ஸ்.ஆர்க் இருக்கிறது. பட்டியல் போனுக்குள்ளேயே நிற்கும். அமைப்புப் பக்கம் மட்டும் நீளமானது. அதைத் தொடாமல் விட்டால் போதும்.

ஒன்றை எடுத்ததும் பத்து உண்மையான வேலைகளைப் போட்டு ஏழு நாள் ஓட்டுங்கள். கற்பனை வேலை எதையும் காட்டித் தராது. ஆடி முதல் வாரம் நல்ல சமயம். ஆவணி முகூர்த்த ஆர்டர் குவிந்தபின் மாறினால் பாதி ஆர்டர் தாளிலும் பாதி போனிலுமாகச் சிதறும்.

மின்கட்டணத்தை ‘இரண்டு மாதத்துக்கு ஒருமுறை’ என்று போட முடிகிறதா பாருங்கள். மாதாமாதம் மட்டும்தான் தெரியும் என்கிற செயலி நமக்கு ஆகாது. விமானப் பயன்முறையில் வைத்து ஒரு வேலையைப் பதியுங்கள். மாஞ்சோலைப் பக்கம் போனால் சிக்னலை நம்ப முடியாது. அப்போதும் பதிய வேண்டும். கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்து, மைக்கை அமுக்கி ‘கொக்கி தைக்க’ என்று சொல்லிப் பாருங்கள். பிறகு ‘கொக்கி’ என்று தேடினால் கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

எழுதும் முறையில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நமக்கு வினைச்சொல் கடைசியில் வரும். ‘வண்ணார்பேட்டை அக்கா ரவிக்கை 2 கொக்கி தைக்க’ என்று எழுதினால், முகப்புத் திரையின் ஒடுங்கிய கட்டத்தில் ‘வண்ணார்பேட்டை அக்கா ர…’ என்று அறுந்து நிற்கும். செய்ய வேண்டியது கொக்கியா, ஃபால்ஸா, அயர்னா என்று தெரியாது. அதனால் ‘கொக்கி தைக்க, ரவிக்கை 2, வண்ணார்பேட்டை’ என்று செயலை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். இந்த ஒரு மாற்றத்தால் பட்டியலைத் திறக்காமலே வேலை தெரியும்.

அதிகம் கேட்கும் புகார், ‘நினைவூட்டல் வரவே இல்லை அண்ணாச்சி’ என்பது. பெரும்பாலும் செயலியின் மேல் குற்றமில்லை. ஆண்ட்ராய்டு 13 முதல் புதிதாக இறக்கும் செயலி அறிவிப்புக் காட்ட உங்கள் அனுமதியைக் கேட்கும், அவசரத்தில் மறுத்திருப்பீர்கள். அது சரியாக இருந்தும் வரவில்லையென்றால் பேட்டரிதான். பல போன்கள் சார்ஜை மிச்சம் பிடிக்க, பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடும். அமைப்புகளில் அந்தச் செயலியின் பக்கத்தைத் திறந்து பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். ஷாவ்மி, விவோ போன்றவற்றில் ‘ஆட்டோஸ்டார்ட்’ என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் போடுங்கள். சோதிக்க, இரவு படுக்கும்போது காலை 6 மணிக்கு ஒன்று வைத்துவிட்டுப் போனைத் தொடாமல் விடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. போன் அப்போது தூங்கியிருக்காது.

இன்னொரு கோளாறு, எல்லாவற்றுக்கும் தேதி போடுவது. பத்தாம் நாள் பட்டியல் முழுக்கச் சிவப்பாகிவிடும். அதன்பின் உண்மையான கெடு கண்ணில் படாது. வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுத்த நாளுக்கு மட்டும் தேதி வையுங்கள். தையல் இயந்திரத்துக்கு 15 நாளுக்கு ஒருமுறை எண்ணெய் விடுவது போன்றவற்றை, கடைசியாகச் செய்த நாளிலிருந்து எண்ணும்படி அமையுங்கள். டாஸ்க்ஸ்.ஆர்க்கில் அதற்கு வழி உண்டு.

செயலி ஒருநாள் நின்றும் போகலாம். பலர் விரும்பிய வுண்டர்லிஸ்ட் என்ற வேலைப்பட்டியல் செயலியை 2015இல் மைக்ரோசாஃப்ட் வாங்கி, 2020 மே மாதம் மூடியது. எனவே பட்டியலை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று முதல் வாரமே பாருங்கள். கூகுளில் இருப்பதைக் கோப்பாக இறக்கிக்கொள்ள டேக்அவுட் என்ற வசதி இருக்கிறது, டாஸ்க்ஸ்.ஆர்க் காப்புக் கோப்பு எடுக்கும். போன் தொலைந்தால் போனுக்குள் இருக்கும் காப்பும் சேர்ந்து தொலையும் என்பதால், மாதம் ஒருமுறை அந்தக் கோப்பை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவையுங்கள்.