மாமரத்து முசுறைப் பார்ப்பது எப்படி?

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு மாமரத்தில் முசுறு என்ற எறும்பு கூடு கட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு மாமா மருந்தடிக்கச் சொன்னார். நான் விடவில்லை. உங்கள் தெரு மரத்திலும் தேடுங்கள். பச்சை இலைகள் பந்துபோல் சேர்ந்து, ஓரத்தில் வெள்ளை நூல் தெரிந்தால் அதுதான்.

கிளையை ஆட்டாதீர்கள், மூன்றடி தள்ளி நில்லுங்கள். கடித்த இடத்திலேயே அமிலத்தையும் பீய்ச்சும், சுரீரென்று எரியும்.

கட்டி முடித்த கூட்டைவிட, கட்டிக்கொண்டிருக்கும் கூடு கிடைத்தால் விடாதீர்கள். ஒன்றின் இடுப்பை இன்னொன்று கவ்விச் சங்கிலியாகி, எட்டாத இலையை இழுக்கும். அப்புறம் ஓர் எறும்பு வாயில் வெள்ளைப் புழுவோடு வரும். அது அவற்றின் குழந்தை. அந்தப் புழுவை இந்த இலையிலும் அந்த இலையிலும் மாறிமாறித் தொடவைக்கும். அதன் வாயருகிலிருந்து பட்டு நூல் வரும். வளர்ந்த எறும்புக்கு அந்த நூல் கிடையாது. முதல்முறை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரே குடும்பத்துக்குப் பல கூடுகள் உண்டு. எல்லையோரக் கூடுகளில் பெரும்பாலும் வயதான வேலைக்கார எறும்புகள்தான் காவல்.

சரி, செத்த ஈ ஒன்றைக் கிளையில் வையுங்கள். கண்டுபிடித்த எறும்பு கூட்டுக்கு ஓடும்போது வாசனைத் தடம் போட்டுக்கொண்டே போகும். அந்தத் தடத்திலேயே மற்றவை வரும்.