டுரியான் தோல் எண்ணெயில் என்ன இருக்கிறது: சோதிக்கும் முறை

சிங்கப்பூரின் கேலாங் வட்டார டுரியான் கடைகளில் குவியும் தோலையோ, சாலையோரம் வெட்டிப்போடும் தூங்குமூஞ்சி மரக் கிளைகளையோ உலர்த்தி, காற்றுப்படாமல் 500 டிகிரி செல்சியஸ் அளவில் சட்டெனச் சூடாக்கினால் கரும்பழுப்பு உயிரி எண்ணெய் கிடைக்கும். பலர் அதை நேரே ஜிசி-எம்எஸ் கருவியில் (ஆவியாக்கிப் பிரித்து, ஒவ்வொரு பொருளையும் அடையாளம் காணும் கருவி) செலுத்தி, வரைபடத்தில் எழும் உச்சங்களின் பரப்பு விழுக்காட்டையே எண்ணெயின் சேர்மானம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆவியாகும் பொருள்கள்தான் அந்தக் கருவிக்குத் தெரியும். அவை பெரும்பாலும் எண்ணெயில் பாதிகூடத் தேறாது.

அதனால் மற்ற பகுதிகளைத் தனித்தனியாக அளக்க வேண்டும்; முதலில் நீர். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த புட்டியை உடனே திறக்காதீர்கள். சிங்கப்பூர் ஈரப்பதத்தில் உள்ளே நீர் படியும். அறை வெப்பநிலைக்கு வந்தபின் நன்றாகக் குலுக்கி எடுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்திருந்தால் ஒவ்வொன்றையும் தனியாகச் சோதியுங்கள். நீரோடு மட்டும் வினைபுரியும் கரைசலைச் சேர்த்து நீரை அளக்கும் கார்ல் ஃபிஷர் டைட்ரேஷனுக்கு 0.1 கிராம் போதும். வழக்கமான மெத்தனால் கரைசல் இங்கே ஏமாற்றும்: எண்ணெயிலுள்ள ஆல்டிஹைடு, கீட்டோன்களோடு மெத்தனால் வினைபுரிந்து புதிதாக நீரை உண்டாக்குவதால், முடிவுப்புள்ளி நிற்காமல் நகர்ந்துகொண்டே போகும். கீட்டோன்களுக்கென்றே விற்கும் கரைசலை வாங்குங்கள். பிறகு தெரிந்த அளவு நீரைச் சேர்த்து, அது முழுதாகத் திரும்பக் கிடைக்கிறதா என்று பாருங்கள். மர எண்ணெயில் 15 முதல் 30 விழுக்காடு நீர் இயல்பு. டுரியான் தோலில் பொட்டாசியம் மிகுதி. அதனால் நீர் கூடும், செல்லுலோஸ் சிதைந்து உண்டாகும் சர்க்கரைப் பொருளான லெவோகுளுக்கோசான் குறையும்.

அடுத்து, 5 கிராம் எண்ணெயைப் பனிக்கட்டி நீரில் வேகமாகக் கலக்கியபடி சொட்டுச் சொட்டாக விடுங்கள். படிவது, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் சிதைந்து வந்த பகுதி. வடிகட்டி, குறைந்த சூட்டில் வெற்றிடத்தில் உலர்த்துங்கள். சூடு கூடினால் உருகிக் கட்டியாகிவிடும்.

ஜிசி-எம்எஸ்ஸுக்கு 5 விழுக்காடு எண்ணெயை அசிட்டோனில் கரைத்து, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அன்றே ஓட்டுங்கள். பொருள்களைப் பிரிக்கும் நீண்ட குழாயான காலம் (column) 60 மீட்டர் 1701 வகையாக இருப்பது பொருத்தம்: 45 டிகிரியில் 4 நிமிடம், பிறகு நிமிடத்துக்கு 3 டிகிரி வீதம் 270 வரை. ஒப்பிட்டு அளக்கத் தெரிந்த அளவு ஃப்ளோராந்தீனை உள்தரமாகச் சேர்த்து, அசிட்டிக் அமிலம், ஃபர்ஃப்யூரால், குவாயகால் ஒவ்வொன்றுக்கும் தனி அளவீட்டுக் கோடு போடுங்கள். அசிட்டிக் அமில உச்சத்துக்கு வால் நீண்டால், மாதிரி ஆவியாகும் கண்ணாடிக் குழாயான லைனரில் கரி படிந்திருக்கலாம். முதலில் அதை மாற்றுங்கள். லெவோகுளுக்கோசானை, ஆவியாக்காமல் திரவத்திலேயே பிரித்து அளக்கும் எச்பிஎல்சியில் அளப்பதே நல்லது.

எல்லாவற்றையும் கூட்டும்போது 100 விழுக்காட்டைத் தாண்டினால் முதலில் நீரளவைச் சந்தேகியுங்கள். அது சரியென்றால், லிக்னின் படிவில் ஒட்டிய ஃபீனால்களை இரண்டு முறை எண்ணியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.