ரீசெட் ஓட்டையில் பின்னைக் குத்துவதற்கு முன்

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு அக்கா மகன் கூப்பிட்டான். "மாமா, ஸ்ட்ரீமர் வைஃபைல சேர மாட்டேங்குது. ரீசெட் பண்ணிட்டேன். இப்ப என்ன பண்றது?"

ஸ்ட்ரீமர் என்றால் வைஃபை வழியாக இணையத்திலிருந்து பாட்டை எடுத்துப் பாடும் பெட்டி. சேரவில்லை என்றதோடு கூப்பிட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ரீசெட் செய்துவிட்டதால் மணி ஒன்றானது. நானும் இதே வேலையைச் செய்து, இதைவிடப் பெரிய விலை கொடுத்தவன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பாஸ்வேர்டைத் தப்பாக அடிப்பது, பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பார்க்காமல் விடுவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றைத் தொடப்போவதில்லை.

எடுத்த எடுப்பில் ரீசெட்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்ததும் அவருக்குக் கர்நாடக சங்கீதம் வேண்டும். மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த ஸ்ட்ரீமரில் இணைய வானொலி கேட்பார். முன்பக்கம் ஆறு பொத்தான்கள், ஆறும் அவருக்குப் பிடித்த நிலையங்கள். ஒருநாள் வாசலில் நின்று, "தம்பி, ரெண்டு நாளா பாட்டு வரல, கொஞ்சம் வந்து பாரேன்" என்றார்.

போனேன். ஆரஞ்சு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், பின்னால் குண்டூசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. மேசையில் கிடந்த பேப்பர் கிளிப்பை நிமிர்த்திக் குத்திப் பத்து விநாடி பிடித்தேன். விளக்கு சிவப்பாகி, அணைந்து, வெள்ளையாக வந்தது. சரியாகிவிட்டது என்று சாரிடம் சொல்லவும் சொன்னேன்.

பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெட்டியைப் புதிதாக அமைக்க அதன் கம்பெனி ஆப் வேண்டும். ஆப் ஸ்டோரில் அது இல்லை, எப்போதோ எடுத்துவிட்டார்கள். பழைய போனிலிருந்து தேடி எடுத்துப் போட்டால், கணக்கில் நுழையச் சொல்லி நின்றுவிட்டது. எதிர்முனையில் சர்வரே இல்லை. நன்றாகப் பாடும் பெட்டி, உள்ளே ஒரு பழுதும் கிடையாது. அன்றோடு அது வெறும் தகர டப்பா.

என்னை இன்றுவரை உறுத்துவது இதற்கடுத்தது. "முந்தாநாள் நெட்டுக்காரங்க வந்து புது பாக்ஸ் மாட்டிட்டுப் போனாங்கப்பா" என்று சார் சாவகாசமாகச் சொன்னார். புது ரௌட்டர், புதுப் பெயர், புது பாஸ்வேர்டு. பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் புது ரௌட்டரில் போட்டு, பாதுகாப்பை டபிள்யூபிஏ2 என்ற பழைய வைஃபை பூட்டு முறையில் வைத்திருந்தால், ஸ்ட்ரீமர் தானாகப் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். பெட்டியைத் தொடவே வேண்டியதில்லை. "இந்த வாரம் வீட்டில் என்ன மாறியது?" என்ற ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை.

இது எனக்கு மட்டும் நடந்த கதை இல்லை. 2025 மார்ச்சில் கூகுளின் சின்ன ஸ்ட்ரீமர்களான குரோம்காஸ்ட் ஆடியோவும் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டும் உலகம் முழுக்க ஒரே நாளில் வேலை செய்யாமல் போயின. அசல் பெட்டிதான் என்று காட்ட உள்ளே இருந்த பத்தாண்டு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதுதான் காரணம். ரீசெட் மட்டும் செய்யாதீர்கள் என்று கூகுள் அறிவித்தது. கை வைக்காமல் பொறுத்தவர்களுக்குச் சில நாட்களில் அப்டேட் தானாக வந்து சேர்ந்தது. அவசரப்பட்டு ரீசெட் செய்தவர்களால் மறுபடி அமைக்கவே முடியவில்லை. போன் ஆப்புக்குத் தனி அப்டேட் வரும்வரை காத்திருந்தார்கள்.

ரீசெட் எதையும் ரிப்பேர் செய்வதில்லை. பெட்டிக்குத் தெரிந்ததை எல்லாம் அழிக்கிறது, அவ்வளவுதான். வைஃபை பெயர், நிலையங்கள், நிலையான ஐபி முகவரி (வீட்டு நெட்வொர்க்கில் பெட்டிக்கான எண்) எல்லாம் போகும். கோளாறு ரௌட்டரில் இருந்தால் அது அங்கேயே இருக்கும்.

ஊசியை எடுக்கும் முன் நான் இப்போது செய்வது இரண்டு. ஸ்ட்ரீமரில் லேன் துளை இருந்தால் ஒரு கேபிளைச் செருகிப் பத்து நிமிடம் பாட்டுப் போடுவேன். தடையில்லாமல் ஓடினால் பெட்டியும் இணையமும் நலம், கோளாறு காற்றில்தான். லேன் துளை இல்லாவிட்டால், என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அதற்கு வீட்டு வைஃபையின் பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே கொடுப்பேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி எதுவும் மாறக் கூடாது. அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்க வேண்டும், பழைய பெட்டிகள் பலவற்றுக்கு 5 கண்ணுக்கே தெரியாது. அந்த நேரத்தில் ரௌட்டரை அணைத்து வைப்பேன். பெட்டி ஹாட்ஸ்பாட்டில் வந்து சேர்ந்தால் அதன்மேல் குற்றமில்லை. இனி நோண்ட வேண்டியது ரௌட்டரை.

டபிள்யூபிஏ3 மட்டும்

புது ரௌட்டரின் பாதுகாப்பை இந்தப் புதிய பூட்டு முறையில் மட்டும் வைத்திருந்தால் பழைய ஸ்ட்ரீமர் சேராது. டபிள்யூபிஏ2, அல்லது இரண்டும் கலந்ததில் வையுங்கள்.

'தெரியவில்லை' என்பதை 'சேரவில்லை' என்று நினைப்பது

அக்கா மகன் வீட்டில் நடந்தது இதுதான். ரீசெட் செய்யும்வரை அவன் பெட்டி வைஃபையில்தான் இருந்தது. போன் ஆப்பில் தெரியவில்லை, அவ்வளவே.

ஃபைபர் இணைப்போடு வரும் பெட்டியே ஒரு ரௌட்டர். சிக்னல் போதவில்லை என்று அதன் பின்னால் கடையில் வாங்கிய இன்னொரு ரௌட்டரையும் மாட்டிவிடுகிறோம். ஒன்று 192.168.1 என்று முகவரி கொடுக்கும், மற்றது 192.168.0 என்று கொடுக்கும். வீடு ஒன்று, நெட்வொர்க் இரண்டு. ஆப் "யாராவது இருக்கிறீர்களா?" என்று கூப்பிடும் குரல் தன் நெட்வொர்க்கைத் தாண்டாது. போன் ஒரு பக்கமும் ஸ்ட்ரீமர் மறுபக்கமும் இருந்தால் ஒன்றை ஒன்று பார்க்காது. கெஸ்ட் வைஃபையில் போனைப் போட்டாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

போன், ஸ்ட்ரீமர் இரண்டிலும் ஐபி முகவரியைப் பாருங்கள். முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது ரௌட்டரை ஆக்ஸஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுங்கள், அப்போது அது தனி நெட்வொர்க் போடாமல் சிக்னலை மட்டும் பரப்பும். அவன் வீட்டில் அதைச் செய்ய ஆனது நான்கு நிமிடம். மீதி நேரமெல்லாம் ரீசெட்டில் போனவற்றைத் திரும்பப் போடுவதில் கழிந்தது.

பிளானை ஏற்றுவது

பாட்டு விக்குகிறது என்று 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், விக்கல் நிற்கவில்லை. சிடி தரப் பாட்டு சுருக்காமலே வந்தாலும் 1.4 எம்பிபிஎஸ்தான். அதைவிட உயர்ந்த தரமான 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்றாலும் 4.6. பாட்டுக்கு வேண்டியது விடாமல் வரும் சிக்னல். ஸ்ட்ரீமர் இருக்கும் இடத்திலேயே போனை வைத்து, ஏதாவதொரு வைஃபை அளக்கும் ஆப்பில் பாருங்கள். சிக்னல் அளவு மைனஸ் 60 டிபிஎம்மை ஒட்டி இருந்தால் கவலையில்லை. மைனஸ் 80-க்குப் போனால் எந்தப் பிளானும் காப்பாற்றாது. 2.4-இல் சேனல் 1, 6, 11 மூன்றுதான் ஒன்றோடொன்று மோதாதவை. அடுக்குமாடியில் பக்கத்து வீடுகள் எதில் இருக்கின்றன என்று பார்த்து, கூட்டம் குறைந்ததில் வையுங்கள்.

ராஸ்பெரி பையின் தோளில் ஹார்ட் டிஸ்க்

ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியில் சொந்தமாக ஸ்ட்ரீமர் செய்பவர்கள் இதில் விழுகிறார்கள். யூஎஸ்பி 3 கேபிளும் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கக்கும். 2012-லேயே இன்டெல் இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. டிஸ்க்கில் பாட்டு ஓட ஆரம்பித்ததும் வைஃபை அறுந்தால் சந்தேகம் அதன்மேல். டிஸ்க்கை ஒரு முழம் தள்ளி வைத்துப் பாருங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போங்கள்.

பழைய போன் சார்ஜர்

ராஸ்பெரி பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் சார்ஜர் வேண்டும். அதில் குறைக்காதீர்கள்.

இரும்பு பீரோவுக்குப் பின்னால் ரௌட்டர்

வேண்டாம்.

எழுதி வைக்காமல் விடுவது

சாருக்கு அப்புறம் ஒரு ராஸ்பெரி பை ஸ்ட்ரீமர் செய்து கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அதன் அடியில் வெள்ளை டேப் ஒட்டி, வைஃபை பெயர், பாஸ்வேர்டு, ஐபி முகவரி, ரௌட்டர் மாட்டிய தேதி நான்கையும் மார்க்கரில் எழுதியிருக்கிறேன். நெட்டுக்காரர் மறுபடி பெட்டி மாற்ற வந்தபோது சார் ஸ்ட்ரீமரைக் கவிழ்த்துக் காட்டி, "இதே பேரு, இதே பாஸ்வேர்டு போட்டுட்டுப் போங்க தம்பி" என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பாட்டு வந்தது. எனக்கு விஷயம் தெரிந்ததே ஒரு வாரம் கழித்துத்தான்.