சமயபுரம் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பங்குனி ஞாயிற்றுக்கிழமை எங்கள் பெரியம்மா விடியற்காலையிலேயே எழுந்து, தூக்குவாளி நிறையச் சர்க்கரைப் பொங்கல் வைத்து, நெய் மணக்கச் சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுவந்தார். வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தாளே பட்டினி கிடக்கிறாள், நீங்கள் பொங்கலோடு வந்து நிற்கிறீர்களே!" என்றார். பெரியம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. பொங்கல் கடைசியில் பாதயாத்திரைக்காரர்களுக்குப் போயிற்று; அவர்கள் வாளியை வழித்துத்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

இங்கே வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு அதுதான். மற்ற ஊர்களில் அம்மனுக்காக நாம் விரதம் இருப்போம். சமயபுரத்தில் நமக்காக அம்மனே விரதம் இருக்கிறாள். மாசி கடைசி ஞாயிறு, அம்மனுக்குப் பூவைக் கொட்டி வழிபடும் பூச்சொரிதல் தொடங்கும் நாளிலிருந்து 28 நாள் பச்சைப் பட்டினி விரதம். அந்த நாட்களில் வழக்கமாகச் சமைத்துப் படைக்கும் தளிகை நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், பழம், அவ்வளவுதான். ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்று மனம் கேட்கவில்லையென்றால், பச்சரிசி மாவும் வெல்லமும் கலந்த துள்ளுமாவு போதும். அடுப்புப் பற்றவைக்கவே வேண்டாம்.

பூச்சொரிதல் ஒருநாள் விழா என்று நினைப்பதும் பரவலாக இருக்கிறது. பங்குனி கடைசி ஞாயிறு வரை ஒவ்வொரு ஞாயிறும் பூத்தட்டுகள் வந்துகொண்டே இருக்கும். முதல் ஞாயிற்றின் நெரிசலைத் தாங்க முடியாதவர்கள் அடுத்த வாரம் வந்தாலும் அதே பூதான், அதே ஆத்தாள்தான். இன்னொன்று, நோட்டீஸ் அடிக்கிறவர்களுக்கு: அது 'சொரிதல்', இடையின ரகரம். வல்லின றகரம் போட்டால் அரிப்புக்குச் செய்கிற வேலையாகிவிடும். வருடா வருடம் எங்காவது ஒரு பேனரில் அம்மனுக்குப் பூவால் சொறிந்துவிடுகிறார்கள்.

மாரியம்மன் என்றாலே ஆடி என்ற கணக்கோடு வருகிறவர்களும் உண்டு. ஆடி வெள்ளிகளில் இங்கும் கூட்டம் நெரியும். ஆனால் சமயபுரத்தின் பெருவிழா சித்திரைத் தேர்தான். அதைச் சித்திரை முதல் தேதி என்று நினைத்து லீவு போட்டுவிட்டு வந்து ஏமாறுகிறார்கள். தேர் ஓடுவது சித்திரையின் முதல் செவ்வாய்க்கிழமை. மாதம் புதன்கிழமை பிறந்தால் தேருக்கு 7ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டும். பஞ்சாங்கத்தை ஒரு முறை புரட்டிவிட்டு டிக்கெட் எடுங்கள்.

ஸ்ரீரங்கத்து அரங்கநாதர் தன் தங்கையான சமயபுரத்தாளுக்குச் சீர் கொடுப்பதைப் பார்க்க ஆடியில் வருவதும் இதே வகைக் குழப்பம். ஆடியில் ஸ்ரீரங்கத்திலிருந்து சீர் போவது காவிரித் தாய்க்கு. சமயபுரத்தாளுக்குப் போவது தைப்பூசத்தில். அன்று அவள் கொள்ளிடக் கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவாள். அண்ணன் வீட்டிலிருந்து பட்டும் மாலையும் அங்கே வந்து சேரும். ஸ்ரீரங்கத்தில் இருந்தவள் இங்கே வந்தாள் என்கிறது தலவரலாறு. உறவு இன்றும் விட்டுப்போகவில்லை.

பால்குடம் எடுக்கிறவர்களில் சிலர், கருவறையில் அமர்ந்திருக்கும் அந்தப் பெரிய திருமேனிக்கே பால் அபிஷேகம் நடக்கும் என்று எதிர்பார்த்து நிற்கிறார்கள். மூலத் திருமேனி சுதையாலும் மூலிகைகளாலும் ஆனது. நீர் பட்டால் தாங்காது. அபிஷேகம் ஊர்வலம் வரும் உற்சவ அம்மனுக்கு. இது தெரியாமல் அர்ச்சகரோடு வாக்குவாதம் செய்து, பின்னால் இருக்கும் நூறு பேரின் தரிசனத்தையும் கெடுக்க வேண்டாம்.

இனாம் சமயபுரத்தில் இருக்கும் ஆதி மாரியம்மன் கோயில் வேறு, இந்தச் சமயபுரம் மாரியம்மன் கோயில் வேறு. இரண்டுக்கும் போகலாம், நல்லது. ஆனால் ஒன்றுக்குப் போய்விட்டு மற்றதைப் பார்த்ததாகக் கணக்கு வைக்காதீர்கள்.

நடந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திருச்சியிலிருந்து காவிரிப் பாலம், திருவானைக்காவல், கொள்ளிடம் என்று வரும்போது, சித்திரை வெயிலில் பதினொரு மணிக்கு மேல் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடப்பது பக்தியில் சேராது. குதிகாலில் கொப்புளம் வந்து, வரிசையில் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சாயங்காலம் கிளம்புங்கள். இரவில் நெடுஞ்சாலை ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, கையில் டார்ச்சோடு நடங்கள். குழந்தையைக் கரும்புத் தொட்டிலில் சுமந்து வருகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் வேண்டுதலை முடித்துவிடுவது நல்லது. கரும்பைத் தோளில் தாங்குகிறவர்களுக்குத் தொட்டிலுக்குள் அடிக்கிற வெயில் தெரியாது.

பூ கொண்டுபோனால் உதிரிப் பூவாக, ஓலைக் கூடையிலோ தட்டிலோ கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்த சாமந்தி, வரிசை நகர்ந்து சன்னதியை அடைவதற்குள் வியர்த்து அழுகிவிடுகிறது.