அழ வைத்தாள், ஆள் வைத்தோம்

'அவள் என்னை அழ வைத்தாள்' என்பதை ஆங்கிலத்தில் 'ஷி மேட் மீ டு க்ரை' என்றே வெகுநாள் எழுதிவந்தேன். அந்த 'டு' கூடாது என்று ஆசிரியர் பலமுறை அடித்துத் திருத்தியும் மனதில் நிற்கவில்லை.

இப்படிப் பிறரைச் செய்ய வைப்பதைச் சொல்லும் 'மேக்', 'ஹேவ்', 'கெட்', 'லெட்' என்ற ஆங்கில வினைகளில் தெளிவு வந்தது மன்னார்குடிப் பக்கம் எங்கள் வயலில், குறுவை நடவின்போது. "ஆள் வச்சு நட்டாச்சு" என்றார் அம்மா. கூலி கொடுத்து வேலை வாங்குவது. அதுதான் 'ஹேவ்': 'வி ஹேட் தெம் ப்ளான்ட்'. ஆள் கிடைக்காத வருடம் வீடு வீடாகப் போய்க் கெஞ்சி வரவழைத்தோமே, அது 'கெட்': 'வி காட் தெம் டு கம்'. இங்கே மட்டும் 'டு' வேண்டும். உணர்ச்சியோ கட்டாயமோ உண்டாக்கினால் 'மேக்', தடுக்காமல் விட்டால் 'லெட்'.

செயப்பாட்டு வினையில் மட்டும் இன்னும் நிதானித்தே எழுதுகிறேன். அங்கே 'மேக்'குக்கும் 'டு' வந்துவிடும்: 'ஐ வாஸ் மேட் டு வெயிட்'.