நாகர்கோவில் டு சென்னை: முதுகு வலிக்காத எஸ்யூவியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நாகர்கோவிலில் இருந்து சென்னைக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். பெங்களூருக்கும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். பிள்ளைகள் அங்கே வேலையில் இருப்பார்கள், வருஷத்துக்கு ஒருமுறையாவது வேளாங்கண்ணி போக வேண்டும், கார்த்திகை பிறந்தால் சபரிமலை. நம் மாவட்டத்தில் பல வீடுகளில் எஸ்யூவி பேச்சு இப்படித்தான் தொடங்குகிறது. ஷோரூமுக்குள் நுழைந்ததும் அந்தப் பேச்சு சன்ரூஃபுக்கும் பெரிய திரைக்கும் போய்விடுகிறது. பத்து மணி நேரம் உட்கார்ந்து போக வேண்டிய வண்டியை ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்து வாங்கக் கூடாது. முதல்முறை வாங்குபவர்கள் எதை முதலில் பார்க்க வேண்டும், எதைப் பிறகு பார்க்கலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: எத்தனை பேர் போவீர்கள்?

நான்கைந்து பேர் என்றால் ஐந்து சீட் போதும். "எதற்கும் இருக்கட்டும்" என்று ஏழு சீட் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். பெரும்பாலான எஸ்யூவிகளில் மூன்றாவது வரிசையில் பெரியவர்கள் முழங்காலை மடக்கித்தான் உட்கார முடியும். அந்த வரிசையை நிமிர்த்தினால் டிக்கியில் ரெண்டு பெட்டிக்குக்கூட இடம் கஷ்டம். அடிக்கடி ஏழு பேர் போகிற குடும்பம் என்றால் எஸ்யூவியை விட்டுவிட்டு இன்னோவா பக்கம் பாருங்கள்.

படி 2: சீட்

எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, தொடை முழுவதும் சீட்டில் பதிகிறதா என்று பாருங்கள். தொடையின் பாதி அந்தரத்தில் நின்றால் மதுரை வருவதற்குள் கால் கடுக்க ஆரம்பிக்கும். ஸ்டீயரிங் மேலும் கீழும் மட்டும் அசைந்தால் போதாது, உங்களை நோக்கி முன்னே இழுக்கவும் முடிய வேண்டும். இல்லாவிட்டால் கைக்குச் சரியாக வைத்தால் காலுக்குச் சரியாக இருக்காது. கிளட்ச்சுக்கு இடப்பக்கம் காலை ஓய்வாக வைக்க இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். உட்கார்ந்ததும் மெத்தென்று அமுங்குகிற சீட்டை நம்பாதீர்கள்; ரெண்டு மணி நேரத்தில் இடுப்பு வலி எடுப்பது அந்த வகையில்தான். கொஞ்சம் கெட்டியான சீட்டே நெடுந்தூரத்துக்கு நல்லது.

அப்புறம் பின் சீட். வாங்குகிறவர் முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார், அப்பா அம்மா வாழ்க்கை முழுக்கப் பின்னால் உட்காருகிறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். முட்டுவலி உள்ளவர்கள் பிடிமானம் இல்லாமல் ஏறி இறங்க முடிகிறதா? சாய்மானம் கொஞ்சம் பின்னால் சாய்கிறதா? முன் சீட்டுக்கு அடியில் பாதம் நுழைகிறதா? நடு சீட்டுக்கும் தலைத்தாங்கியும் மூன்றுமுனை பெல்ட்டும் இருக்கிறதா? கைக்குழந்தை இருந்தால் குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐஸோஃபிக்ஸ் கொக்கியையும் பார்த்துவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பின்பக்க ஏசி வென்ட் அவசியம். காற்று வரும் சீட்டும் இருந்தால், சன்ரூஃபுக்குக் கொடுக்கும் பணத்தை அதற்குக் கொடுக்கலாம்.

படி 3: வீல்பேஸ், ஃபிரேம், டயர்

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம்தான் வீல்பேஸ். அது நீளமாக இருந்தால் மேடுபள்ளத்தில் வண்டி முன்னும் பின்னும் ஆடுவது குறையும். டாடா நெக்ஸானில் 2,498 மில்லிமீட்டர், கிரெட்டாவில் 2,610, ஹாரியரில் 2,741, எக்ஸ்யூவி 700-இல் 2,750. வண்டியின் மொத்த நீளம் 4 மீட்டருக்குள் அடங்கி எஞ்சினும் சிறியதாக இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 40. சின்ன எஸ்யூவி விலை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஊருக்குள்ளேயே ஓட்டுபவருக்கு அது போதும்.

மஹிந்திரா தார், ஸ்கார்ப்பியோ-என் போன்றவை லேடர் ஃபிரேம், அதாவது ஏணி மாதிரியான தனி இரும்புச் சட்டத்தின் மேல் கட்டிய வண்டிகள். கரடுமுரடான பாதையில் உறுதியானவை. ஆனால் நெடுஞ்சாலையில் பின் சீட்டுக்காரருக்கு, சட்டமும் உடலும் ஒன்றாகவே அமைந்த மோனோகாக் வண்டியைவிடக் குலுக்கல் கூடுதலாகத் தெரியும்.

டயரை யாருமே கேட்பதில்லை. 235/65 ஆர்17 என்று எழுதியிருந்தால், டயரின் பக்கச்சுவர் உயரம் 235-இல் 65 சதவீதம். அதாவது சுமார் 153 மில்லிமீட்டர். 235/60 ஆர்18 என்றால் 141 மட்டுமே. பக்கச்சுவர் உயரமாக இருந்தால் குழியின் அடியை ரப்பரே கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். டாப் மாடலின் பெரிய அலாய் வீல் பார்க்க அழகு. சொகுசுக்கு ஒரு படி கீழே உள்ள மாடலின் டயர் மேல்.

படி 4: எஞ்சின்

டாப் கியரில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஆர்பிஎம் முள் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது) 2,000-ஐ ஒட்டி நின்றால் எஞ்சின் அமைதியாக இருக்கும். 3,000 பக்கம் போனால் அந்த இரைச்சலே ஆளைக் களைப்பாக்கிவிடும். நெடுந்தூரத்துக்கு டீசல் சுகம். ஆனால் தினமும் நாகர்கோவிலுக்குள்ளேயே வடசேரிக்கும் செட்டிகுளத்துக்கும் மட்டும் ஓடுகிற வண்டி என்றால் பெட்ரோலே வாங்குங்கள். பிஎஸ்6 என்ற புகை விதிப்படி வரும் டீசல் வண்டிகளில் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. அது சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள இடையிடையே நீண்ட ஓட்டம் வேண்டும். குட்டி ஓட்டமே ஓடினால் அடைத்துக்கொள்ளும்.

படி 5: டெஸ்ட் டிரைவ்

ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு போதாது. நமக்கு ரெண்டு விதமான சாலையும் பக்கத்திலேயே இருக்கின்றன. முதலில் தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் போங்கள். நெரிசல், வளைவு, ஒட்டுப்போட்ட தார். 20, 30 வேகத்தில் சின்னச் சின்னக் குழிகளில் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பது அங்கே தெரியும். பிறகு தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகக் காவல்கிணறு தாண்டி என்.எச். 44-இல் ஏறுங்கள். மலை இடைவெளியில் புகுந்து வரும் காற்றுக்காகத்தான் அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆனி, ஆடி மாதங்களில் உயரமான வண்டியை அது பக்கவாட்டில் தள்ளும். ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் அந்த வண்டி உங்களைக் களைப்பாக்கும். நான்குவழிச் சாலையில் 90, 100-இல் பாட்டை நிறுத்திவிட்டுச் சாதாரணக் குரலில் பின் சீட்டோடு பேசிப் பாருங்கள்.

கிளம்பும் முன், டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவுக்கு டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காற்று அதிகமாக இருந்தால் நல்ல வண்டியும் முரட்டு வண்டியாகத் தெரியும். குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். ஷோரூமில் இவ்வளவு தூரம் விட மாட்டோம் என்றால், அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். அந்த வாடகை வீண் செலவே இல்லை. முடிந்தால் ஒருமுறை இருட்டிய பிறகும் ஓட்டி, ஹெட்லைட் வெளிச்சம் சாலையோரம் வரை விழுகிறதா என்று பாருங்கள்.

படி 6: புக்கிங்

பாதுகாப்பு மதிப்பீட்டைப் பாரத் என்கேப் தளத்தில் நீங்களே பார்த்துவிடுங்கள். 2023-இல் தொடங்கிய திட்டம் அது. அட்வான்ஸ் கொடுக்கும்போது வேரியன்ட் (ஒரே வண்டியில் வசதிக்கேற்ப வரும் வகை) பெயரையும் டயர் அளவையும் புக்கிங் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் ஓட்டிப் பார்த்தது ஒரு வேரியன்ட், வீட்டுக்கு வருவது இன்னொன்று என்று ஆகிவிடக் கூடாது.