செட்டிநாட்டு வீடுகளில் தீ வராமல் காக்க

காரைக்குடி, கானாடுகாத்தான் பகுதி வீடுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்று உறவினர் கூடும் சில நாள்களில் மட்டும் எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிவதால், பழைய மின்கம்பிகளே அங்கு முதலில் கவனிக்க வேண்டியவை. மரச்சட்டத்துக்குள் ஓடும் கம்பிகளின் ரப்பர் உறை காலப்போக்கில் காய்ந்து உதிரும். அதன்மேல் குளிர்சாதனம், கிரைண்டர் போன்றவற்றின் சுமை ஏறினால் கம்பி சூடேறி, அருகிலுள்ள பர்மாத் தேக்கு உத்தரத்தில் தீப்பற்றக்கூடும். ஆகவே, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு முழு வயரிங்கையும் சோதித்து, பழைய ஃபியூஸ் கட்டைகளுக்குப் பதிலாக சுமை மிகும்போது தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபியும், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியும் பொருத்துங்கள். வீட்டைப் பூட்டும்போது மெயினை அணைத்துவிடுங்கள்.

சாமி அறை விளக்கைத் திரைச்சீலையிலிருந்து தள்ளி, கல் அல்லது பித்தளைத் தட்டின்மேல் வையுங்கள். விறகடுப்புச் சாம்பல் முழுதும் ஆறிய பிறகே கொட்டுங்கள். சிலிண்டர் அடுப்படியில் நிமிர்ந்தே நிற்கட்டும். எரிவாயு வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து, 1906-ஐ வெளியிலிருந்து அழையுங்கள்.

முகப்பிலும் அடுப்படியிலும் ஒவ்வொரு தீயணைப்பான் வையுங்கள். முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீளும் இவ்வீடுகளில் பின்வாசல் உயிர்காக்கும் வழி என்பதால், விருந்தினர் தங்கும் நாள்களில் அதன் சாவியை எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் மாட்டுங்கள். தீ மூண்டால் முதலில் வெளியேறி, பிறகு 101-ஐ அழையுங்கள்.